மேக்கப் அறையின் கசப்பு: அசோகமித்திரனின் ஜெமினியை அம்பத்தூரிலிருந்து வாசித்தல்

ஜெமினி ஸ்டூடியோவில் அசோகமித்திரன் பார்த்த வேலை செய்தித்தாள் கத்தரிப்பது. பல விஷயங்களைப் பற்றிய செய்திகளை வெட்டி எடுத்துக் கோப்புகளில் சேர்க்க வேண்டும், பலவற்றைக் கையால் எழுதியும் வைக்க வேண்டும். ஆனால் அவருடைய சின்ன அறையைக் கடந்து போகிறவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு ஆள் மேஜை முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேப்பர் கிழித்துக்கொண்டிருக்கிறான். இவனுக்கு வேலையே இல்லை என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அதனால் பொழுது போகாதவர்கள் எல்லாம் அந்த அறைக்குள் வந்து தங்கள் பிரசங்கத்தை நடத்திவிட்டுப் போனார்கள்.

அப்படி அடிக்கடி வந்தவர் மேக்கப் பிரிவின் 'ஆபீஸ் பாய்'. பெயர்தான் பாய், வயது நாற்பதைத் தாண்டியவர். நடிகனாகவோ இயக்குநராகவோ கவிஞனாகவோ ஆகலாம் என்று பல வருடங்களுக்கு முன் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தவர். கூட்டக் காட்சி எடுக்கும் நாட்களில் பெயிண்டைக் கலந்து கூட்டத்தின் முகங்களில் பூசுவது அவருடைய வேலை. மற்ற நாட்களில் ஓய்வு. அந்த ஓய்வில், எவ்வளவு பெரிய இலக்கியத் திறமை இந்த இடத்தில் பாழாய்ப்போகிறது என்று அசோகமித்திரனுக்கு விளக்குவார். கேட்டுக் கேட்டுச் சலித்த அசோகமித்திரன், தினமும் கூட்டக் காட்சியே எடுத்தால் தேவலை என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

இதெல்லாம் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'மை இயர்ஸ் வித் பாஸ்' நூலில் இருக்கிறது. ஸ்டூடியோவை விட்டுப் பல வருடங்கள் கழித்து எழுதிய கட்டுரைகள், 2002இல் புத்தகமாக வந்தன. அதில் ஒரு பகுதி 'போயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்' என்ற தலைப்பில் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடமாகிவிட்டது. எனவே தமிழ் எழுத்தாளர் ஒருவரின் உரைநடையில் இந்தியா முழுக்க அதிகம் பேர் படித்தது இதுவாகத்தான் இருக்கும், பரீட்சைக்காக என்றாலும். நான் ஸ்டேட் போர்டு. இன்ஜினியரிங் முடித்து, வேலைக்குச் சேர்ந்து, ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. பதினேழு வயதில் படித்தவர்களுக்கு அது சினிமா பற்றிய வேடிக்கையான பாடம். எனக்கு அது ஆபீஸைப் பற்றிய எழுத்தாகத்தான் தெரிந்தது, முதல் வாசிப்பிலேயே.

வீடு ஆவடி, வேலை அம்பத்தூர். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி எஸ்டேட் வழியாக நடந்தால் ஒரு பக்கம் லேத் ஓடும் ஷெட், இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட ஐடி கட்டடம். 1960களில் உருவான தொழிற்பேட்டை இது. எங்க ஏரியாவில் வேலை என்பது வெறும் சம்பளமாக இருந்ததில்லை. பாடியில் டிவிஎஸ் குழுமத்தின் ஆலைகள், அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸும் டன்லப்பும், ஆவடியில் டேங்க் செய்யும் ஃபேக்டரி. ஒருவரைப் பற்றிக் கேட்டால் பெயருக்கு முன்னால் கம்பெனி வரும். "டன்லப் வீட்டுக்காரரா?" "ஹெச்விஎஃப் குவார்ட்டர்ஸா?" என்றுதான் விசாரிப்பார்கள். வேலை செய்யும் இடம் ஒருவருடைய மனசுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குப் புதுச் செய்தி இல்லை.

மேக்கப் அறைக்குத் திரும்புகிறேன். ராபர்ட் கிளைவின் குதிரை லாயமாக இருந்ததாக நம்பப்பட்ட கட்டடத்தின் மாடியில் அந்தப் பிரிவு இருந்தது. சுற்றிலும் பெரிய கண்ணாடிகள், எல்லாக் கோணத்திலும் சூடான விளக்குகள். அங்கே ஒரு கறாரான வரிசை உண்டு. தலைமை மேக்கப்மேன் கதாநாயகன், கதாநாயகி முகங்களைத் தொடுவார். அவருடைய மூத்த உதவியாளர் இரண்டாவது நாயகன், நாயகிக்கு. இளைய உதவியாளர் நகைச்சுவை நடிகருக்கு. கடைசியில் ஆபீஸ் பாய், கூட்டத்துக்கு. வங்காளி, மராட்டியர், கன்னடர், ஆந்திரர், ஆங்கிலோ பர்மியர், தமிழர் என்று எல்லாரும் கலந்து வேலை செய்த இடம் என்பதால், அரசாங்கம் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே இங்கே தேசிய ஒருமைப்பாடு வந்துவிட்டது என்று கிண்டல் செய்கிறார் அசோகமித்திரன். ஆனால் யார் எந்த முகத்தைத் தொடலாம் என்பதில் அந்த ஒருமைப்பாடு ஒரு இம்மியும் தளராது. எங்கள் கம்பெனியின் பன்முகத்தன்மை போஸ்டரை லிஃப்ட் பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கண்ணாடி அறை ஞாபகம் வரும்.

அந்த ஆபீஸ் பாய்க்கு என்னதான் பிரச்சினை? இன்றைய மொழியில் சொன்னால் அவருக்கு ஓவர்டைம் இல்லை, டெட்லைன் இல்லை, சம்பளமும் நின்றுபோகவில்லை. நேரம் தாராளமாக இருந்தது. அவரைத் தின்றது வேறொன்று. தன்னிடம் இருப்பதில் எதை உயர்வாக நினைத்தாரோ, அது அந்த இடத்துக்குத் தேவைப்படவே இல்லை. பல வருடம் அது இருப்பதாகக்கூட யாரும் கேட்கவில்லை.

2019இல் உலக சுகாதார நிறுவனம் 'பர்ன்-அவுட்' என்பதைத் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தபோது, இது மருத்துவ நோய் அல்ல, பணியிடம் சார்ந்த நிகழ்வு என்று தெளிவாக எழுதியது. நம் ஹெச்ஆர் அறைகளில் அந்த வேறுபாடு காணாமல் போய்விடும். பிரச்சினை உங்கள் மூச்சில் இருக்கிறது, சரியாக விடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பார்கள். இந்தத் துறையில் ஆயுள் முழுக்க வேலை செய்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டருடன் சேர்ந்து 1997இல் எழுதிய புத்தகத்தில், மனிதனுக்கும் வேலைக்கும் பொருந்தாமல் போகக்கூடிய ஆறு இடங்களைச் சொல்கிறார். வேலைப்பளு அதில் ஒன்று மட்டுமே. மற்ற ஐந்து: தன் வேலை மேல் தனக்குள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் அங்கீகாரம், கூட இருப்பவர்களுடனான உறவு, நியாயம், கடைசியாக விழுமியங்கள். நாம் முதலாவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, வாரத்துக்கு எழுபது மணி நேரமா தொண்ணூறா என்று சமூக வலைத்தளங்களில் சண்டை போடுகிறோம். சண்டை வேண்டியதுதான். ஆனால் மணிக்கணக்கு சரியாக இருக்கும் இடத்திலும் ஆட்கள் நொறுங்குகிறார்கள். அதற்கு நம்மிடம் சொல்லே இல்லை.

எங்கள் டீமில் ஒரு டெஸ்டர் அக்கா இருந்தார். நான் அப்போது வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டு மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். பிப்ரவரி 29இல் பிறந்தவர்களுடைய ஒருவகை க்ளெய்ம் காரணமே சொல்லாமல் நிராகரிக்கப்படுவதை அக்கா கண்டுபிடித்தார். சீவியாரிட்டி 2 என்று பதிவு செய்தார். சீவியாரிட்டி 2 ஒன்று திறந்திருந்தாலும் ரிலீஸ் போக முடியாது. "அப்படி எத்தனை பேர் பொறந்திருக்கப் போறாங்க, 3 ஆக்கிடுங்களேன்" என்று கேட்டார்கள். யாரும் மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் கேட்டார்கள். அக்கா 3 ஆக்கினார். அடுத்த ரிலீஸில் இன்னும் இரண்டு. சில மாதங்களில் அது பழக்கம், அப்புறம் அதுவே முறை.

அக்கா தினமும் ஆறரைக்குக் கிளம்பிவிடுவார். வேலை ஒன்றும் அதிகமில்லை. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது என்றார். "எழுந்து உக்காந்து அந்த ஆள் யாரா இருக்கும்னு யோசிக்கிறேன்டா. ஆஸ்பத்திரியில பில்லை வெச்சுக்கிட்டு நிக்கிற மாதிரியே தோணுது." ஹெச்ஆர் நடத்திய மனநல அமர்வில் அவருக்கு மூச்சுப்பயிற்சி கிடைத்தது. நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை மஞ்சள் சீட்டில் எழுதச் சொன்னார்கள். வாரா வாரம் 'மூட் சர்வே' வேறு வரும், பெயர் இல்லாத சர்வே. எங்கள் டீமில் மொத்தம் ஆறு பேர். ஆறு பேரில் பெயர் இல்லாமல் இருப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

நான் கவனித்தது இன்னொன்று. போகப்போக அக்காவின் கோபமெல்லாம் ரிலீஸ் மேனேஜர் ஒருவர் மேல் குவிந்தது. சாப்பாட்டு மேஜையில் அவர் நடக்கிற விதம், அவர் போடுகிற செருப்பு, அவர் பிள்ளை படிக்கும் ஸ்கூல் எல்லாம் குற்றப்பத்திரிகையில் சேர்ந்தன. அந்த மனிதர் ரொம்ப சாதாரணமானவர். மேலிருந்து வந்ததைக் கீழே தள்ளியவர், அவ்வளவுதான். ஜெமினியின் ஆபீஸ் பாயும் இதைத்தான் செய்தார். தன் எல்லாத் துயரத்துக்கும் கொத்தமங்கலம் சுப்புதான் காரணம் என்று நம்பினார். முறை என்றோ அமைப்பு என்றோ ஒன்றின் மேல் மனிதனால் தினமும் கோபப்பட்டுக்கொண்டிருக்க முடியாது போலும். அதற்கு ஒரு முகம் தேவைப்படுகிறது.

அசோகமித்திரனின் நேர்மை தெரிவது சுப்புவை எழுதும் இடத்தில். ஸ்டூடியோவில் இரண்டாம் இடத்தில் இருந்தவர், முதலாளிக்கு நெருக்கமானவர். எளிதாகக் கேலிச்சித்திரம் ஆக்கியிருக்கலாம். ஆனால் அவர் என்ன சொல்கிறார்? சுப்புவுக்கு உண்மையிலேயே திறமை இருந்தது. ஒரு காட்சி சரியாக வரவில்லை என்று முதலாளி சொன்னால் அந்த இடத்திலேயே பதினாலு மாற்றுவழி சொல்வார். நல்ல நடிகர், படத்தில் முக்கியப் பாத்திரம் செய்தவர்களைவிடத் துணைப்பாத்திரத்தில் நன்றாகச் செய்தவர். கவிஞர். 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியவர். அவர் வீட்டில் தூரத்து உறவினர்கள் எல்லாம் வந்து நிரந்தரமாகத் தங்கியிருந்தார்கள், அவர்களுக்குச் செலவு செய்கிறோம் என்ற நினைப்புகூட அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இவ்வளவுக்கும் அவருக்கு எதிரிகள். எதைப் பற்றியும் நல்லதே சொல்லத் தயாராக இருந்ததால் இருக்குமோ என்று யோசிக்கிறார் அசோகமித்திரன்.

சுப்பு முதலாளியின் நன்மையையே தன் நன்மையாக ஆக்கிக்கொண்டவர். தன் படைப்புத் திறன் முழுவதையும் அந்தப் பக்கம் திருப்பினார். அதனால்தான் அவரால் சந்தோஷமாக இருக்க முடிந்தது. நிறுவனத்தின் மதிப்பும் ஊழியரின் மதிப்பும் ஒத்துப்போனால் மனநலம் நன்றாக இருக்கும் என்று மேலாண்மைப் புத்தகங்கள் சொல்வதற்குச் சுப்புவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் அந்தப் புத்தகங்கள் சொல்லாத ஒன்றை இந்தக் கட்டுரை காட்டிவிடுகிறது. ஒருவர் இப்படி முழுக்க ஒத்துப்போகும்போது, பக்கத்தில் இருக்கும் ஒத்துப்போக முடியாதவரின் நிலை இன்னும் மோசமாகிறது. சுப்புவின் சிரிப்பு ஆபீஸ் பாய்க்குத் தினசரி அவமானம்.

கதை இலாகாவில் ஒரு வக்கீல் இருந்தார். கதர் அணிந்த கவிஞர்கள் நடுவில் பேண்ட், டை, சில நாள் கோட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். ஒரு நடிகை ஆத்திரத்தில் படப்பிடிப்புத் தளத்தில் கத்தியதைச் சத்தமில்லாமல் பதிவு செய்து, அவருக்கே திருப்பிப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண் அதிர்ச்சியில் பேச்சற்றுப் போனார், அதோடு அவருடைய சினிமா வாழ்க்கையும் முடிந்தது. கடைசியில் முதலாளி கதை இலாகாவையே மூடினார். கவிஞர்களை வீட்டுக்கு அனுப்பியதில் வக்கீலுக்கும் வேலை போயிற்று. அசோகமித்திரன் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். பாடத்தில் மாணவர்கள் சிரிக்கும் இடம். எனக்கு அந்த நடிகையைப் பற்றித்தான் இன்னும் கேட்க ஆசை. வேலைசெய்யும் இடத்தில் ஒருவருடைய குரலைப் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டுவது என்ன மாதிரியான செயல் என்று, ஒவ்வொரு மீட்டிங்கும் ரெக்கார்ட் ஆகும் காலத்தில் வேலைபார்க்கும் நமக்குத் தெரியும்.

கட்டுரையின் மையம் என்று நான் நினைப்பது பலர் தாண்டிப்போகும் ஒரு பத்தி. 1952இல் 'மாரல் ரீ-ஆர்மமெண்ட்' என்ற இயக்கத்தின் குழு ஜெமினிக்கு வந்தது. ஃபிராங்க் புக்மன் தொடங்கிய இயக்கம். இருபது நாட்டவர், இருநூறு பேர் இருக்கலாம். ஸ்டூடியோ அவர்களை விருந்தினர்களாக வரவேற்றது. இரண்டு நாடகங்கள் போட்டார்கள்: 'ஜோதம் வேலி', 'தி ஃபர்காட்டன் ஃபேக்டர்'. செய்தி சாதாரண நீதிபோதனைதான், ஆனால் செட்டும் உடையும் முதல்தரம். அதற்குப் பிறகு பல வருடங்கள் தமிழ் நாடகங்களில் வெறும் மேடை, வெள்ளைத் திரை, புல்லாங்குழல், ஒரு சூரிய உதயம் அஸ்தமனம் என்று அவர்களையே காப்பியடித்தார்கள் என்கிறார் அசோகமித்திரன்.

'மறக்கப்பட்ட காரணி' என்ற அந்த நாடகம் எதைப் பற்றியது என்று அவர் விளக்கவில்லை. அது தொழிலாளர் நாடகம். ஆலையில் தகராறு. ஒரு பக்கம் நிர்வாகியின் குடும்பம், மறுபக்கம் தொழிலாளர் தலைவரின் குடும்பம். சம்பளமோ சட்டமோ தீர்க்காத சண்டையை, தனிமனிதர்கள் தங்கள் மனத்தை மாற்றிக்கொண்டு தீர்க்கிறார்கள். எல்லாரும் மறந்துபோன காரணி அதுதானாம், உள்மாற்றம். நம் ஆபீஸ்களில் இன்று நடக்கும் விழுமிய வாரம், மைண்ட்ஃபுல்னஸ் பயிலரங்கு எல்லாவற்றுக்கும் தாத்தா இந்த நாடகம். சூரிய உதய செட் மட்டும்தான் மாறி, ப்ரொஜெக்டர் ஸ்லைடு ஆகியிருக்கிறது.

இந்த இயக்கம் சர்வதேச கம்யூனிசத்துக்கு எதிரான ஏற்பாடு என்றும், வாசனைப் போன்ற பெரிய முதலாளிகள் அதற்கு இடம்கொடுத்தார்கள் என்றும் பின்னால் தெரிந்துகொண்டதாகச் சொல்கிறார். உடனே அதையும் சந்தேகிக்கிறார். அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் முதலாளிகளும் அவர்கள் தொழில்களும் அப்படியேதான் இருந்தன என்று முடிக்கிறார். எனக்கு இந்த வாக்கியத்தை ஏதாவதொரு டவுன்ஹாலில் எழுந்து நின்று படிக்க வேண்டும் போலிருக்கும். படித்ததில்லை.

உள்மாற்றம் மறக்கப்பட்ட காரணி இல்லை என்றால், எதுதான் மறக்கப்படுகிறது? எங்க பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த பெண்கள் நூற்றுக்கணக்கில் உணவு ஒவ்வாமையால் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஆப்பிள் போன்களைச் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் அவர்கள். கூட இருந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று சரியான பதில் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு, சுங்குவார்சத்திரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னபோது நம்புவதற்கு அங்கே யாரும் தயாராக இல்லை. ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டு இடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஃபாக்ஸ்கானைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12இல்தான் ஆலை திறந்தது.

செய்திகள் இதை உணவு, விடுதி, சப்ளை செயின் பிரச்சினையாக எழுதின. அது சரிதான். ஆனால் அந்த இரவில் சாலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது, கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாத நிலைமை. கெட்டுப்போன சாப்பாட்டைச் சகித்துக்கொண்டு அதற்கு முன் எத்தனையோ நாள் ஷிப்ட் பஸ் ஏறியிருப்பார்கள். பக்கத்துப் படுக்கைத் தோழி எங்கே என்ற கேள்வி வந்தபோது சகிப்பு நின்றுவிட்டது. அவர்களுடைய விழுமியம் அதுதான், தோழிக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும். அந்த இரவு முழுக்க அவர்கள் தூங்காதது மனநலக் கோளாறு என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் அக்காவுக்கு மூன்று மணிக்கு வந்த முழிப்பையும் நான் கோளாறு என்று நினைக்கவில்லை. அது வேலை செய்துகொண்டிருக்கும் மனசாட்சி. அதைத் தூங்கவைக்கத்தான் மூச்சுப்பயிற்சி.

இதுவரை அசோகமித்திரனைப் புகழ்ந்துவிட்டேன். அவரோடு எனக்குச் சண்டையும் உண்டு.

அவர் எப்படி அந்த இடத்தில் பதினாலு வருடம், 1952 முதல் 1966 வரை, பைத்தியம் பிடிக்காமல் இருந்தார்? சிரித்துத்தான். எல்லாவற்றிலிருந்தும் இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் அந்தச் சிரிப்பை இலக்கிய வாசகர்களான நாம் ரொம்ப விரும்புகிறோம். ஆபீஸில் நாமும் அதையே செய்கிறோம். மீம் போடுகிறோம், மேனேஜரின் இங்கிலீஷைக் கேலி செய்கிறோம், மேஜை டிராயரில் ஒரு சிறுபத்திரிகையை ஒளித்துவைத்துக்கொண்டு 'நான் இங்கே இருப்பவன் இல்லை' என்று நமக்கே சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்தத் தள்ளி நிற்கும் இரண்டடி இடம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அப்பா இறந்தபின் குடும்பத்தோடு செகந்திராபாத்திலிருந்து வந்த அசோகமித்திரனை ஜெமினிக்கு அழைத்தவர் அப்பாவின் நண்பரான வாசனே. சம்பளம் பெரிதாக இருந்திருக்காது, ஆனால் உள்ளே நுழையும்போதே அவர் யாருடைய பிள்ளை என்று முதலாளிக்குத் தெரியும். ஆபீஸ் பாய்க்கு அது கிடையாது. அறைக்குள் வந்து புலம்புகிறவரைப் பார்த்துச் சிரிக்க முடிவது, அறை இருப்பவருக்குத்தான்.

ஜெயமோகனின் 'நூறு நாற்காலிகள்' கதையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாயாடிச் சமூகத்தில் பிறந்து ஐஏஎஸ் அதிகாரியான தர்மபாலன் தன் கதையைச் சொல்கிறான். பதவி இருக்கிறது, கார் இருக்கிறது. ஆனால் அவனுக்குக் கீழே இருப்பவர்களே அவனை மதிப்பதில்லை. உண்மையான அதிகாரம் அவனைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போகிறது. நேர்முகத் தேர்வில் அவன் சொன்ன பதிலே அவன் விழுமியம்: ஒரு பக்கம் நாயாடி நின்றால், நியாயம் அவன் பக்கம்தான் இருக்க முடியும். அந்த விழுமியத்தோடு அவனை உள்ளே எடுத்த அமைப்பு, அதன்படி நடக்க ஒரு நாளும் விடவில்லை. இவனால் அசோகமித்திரனைப் போலச் சிரிக்க முடியுமா? நாற்காலி அவனுக்கு மேஜை சாமான் இல்லை. அவனுடைய அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே பயம். கதையில் ஜெயமோகனின் குரல் சில இடங்களில் ஓங்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் தமிழில் பணியிடத்தின் உள்காயத்தை இதைவிட ஆழமாகக் காட்டிய கதை எனக்குத் தெரிந்து இல்லை. அதில் வேலைப்பளு என்ற சொல்லுக்கு இடமே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

நாற்காலி என்றதும் இன்னொன்று. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தது, வசனம் ஜெயமோகன்தான். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்களின் கால் நரம்பை அந்தப் படத்துக்குப் பிறகுதான் பலர் யோசித்தார்கள். 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றம் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. கேரளம் 2018இலேயே செய்திருந்தது. ஒரு ஸ்டூல் கிடைத்தால் மனநலம் வந்துவிடுமா என்று கேட்கலாம். உட்காரக் கூடாது என்ற விதியின் அர்த்தம் கால்வலி மட்டும் இல்லை, நீ இங்கே ஒரு ஆள் இல்லை என்பதும்தான். 'உள்மாற்றம்' கொண்டு தீர்க்க முடியாததை மர நாற்காலி ஓரளவு தீர்க்கும். அதே மாதிரிதான் சங்கமும். ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் வைக்கலாம் என்று 2016இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. எங்கள் கட்டடத்தில் அதைச் சத்தமாகச் சொல்ல இன்றும் ஆள் இல்லை. எதிரே உள்ள ஷெட்டின் கேட்டில் கொடிக்கம்பம் இருக்கிறது.

அசோகமித்திரனுக்கு எதிராக நான் சொன்னதற்கு அவரே பதிலும் எழுதியிருக்கிறார், அதுவும் முன்கூட்டியே. ஜெமினியை விட்ட கொஞ்ச காலத்தில், 1960களின் இறுதியில், 'தீபம்' இதழில் தொடராக வந்த 'கரைந்த நிழல்கள்' நாவலில் அந்தச் சிரிப்பு கிடையாது. அதே சினிமா உலகம்தான். விடிவதற்கு முன் எழுந்து வண்டி, டிபன், ஆட்கள் என்று எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் புரொடக்ஷன் மேனேஜர் நடராஜனோடு நாவல் தொடங்குகிறது. இவர்தான் கதாநாயகன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நாவல் வேறொருவரிடம் போய்விடுகிறது. ரெட்டியாரின் படம் நின்றுபோகிறது. அதில் வேலை செய்தவர்கள் சிதறுகிறார்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறுகிறது. முன்பு நாம் அருகில் பார்த்தவர்கள், பின்னால் யாரோ பேசிக்கொள்ளும்போது போகிறபோக்கில் ஒரு தகவலாக வருகிறார்கள். ஆசிரியர் அவர்களைத் தேடிப்போவதில்லை, அழுவதும் இல்லை. ஆபீஸில் ஒருவர் போன மறுநாள் அவருடைய ஐடி முடக்கப்பட்டு, வாரக் கடைசியில் அவர் இருந்த இடத்தில் வேறொருவரின் தண்ணீர் பாட்டில் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நாவலின் வடிவம் பரீட்சார்த்தமாகவே தோன்றாது. அது வெறும் நடைமுறை.

வெளியே வந்த சூட்டில் எழுதியது சிரிப்பில்லாத நாவல். வருடங்கள் கழித்து, வேறு மொழியில், வேறு வாசகர்களுக்கு எழுதியதுதான் சிரிக்கும் கட்டுரைகள். நாம் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு 'அசோகமித்திரனின் மெல்லிய நகைச்சுவை' என்று ஒரு லேபிள் ஒட்டிவிட்டோம். அந்த நகைச்சுவை ஆறிய காயத்தின் மேல் வந்த தோல். காயம் நாவலில் இருக்கிறது.

ஐடி வேலை பற்றி நம் தலைமுறை எழுதுவதில் எனக்குள்ள குறையும் இதுதான். ஓஎம்ஆர் பளபளப்பு, வார இறுதி, இஎம்ஐ, விவாகரத்து எல்லாம் வருகிறது. வேலை வருவதில்லை. காலை பத்து மணி ஸ்டாண்டப்பில் ஒருவர் சொல்லும் சின்னப் பொய், அதைப் பொய் என்று தெரிந்தும் எல்லாரும் தலையாட்டுவது, ஒரு 2 எப்படி 3 ஆகிறது என்பது வருவதில்லை. ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியபோது, சிரிப்பதே வேலையாகிவிட்டவர்களுக்குத் தங்கள் சிரிப்பு எது என்று தெரியாமல் போவதைக் காட்டினார். தில்லி ஆபீஸ் மனிதர்களின் பாவனைகளை எழுதிய ஆதவன் தமிழில் அந்த வேலையை நன்றாகவே தொடங்கிவைத்தார். 1987இல் அவர் இறந்தபின் அந்தச் சரடு அறுந்த மாதிரிதான் இருக்கிறது.

டெஸ்டர் அக்கா அந்தக் கம்பெனியில் மேலும் ஒரு வருடம் இருந்தார். கிளம்புவதற்கு முன் ஒருநாள் தன் எக்செல் ஷீட் ஒன்றைக் காட்டினார். தான் மாற்றிப் பதிந்த ஒவ்வொரு டிஃபெக்டுக்கும், மாற்றுவதற்கு முன் போட்ட உண்மையான சீவியாரிட்டி என்ன, எந்தத் தேதியில் மாறியது என்று இரண்டு காலம் தனியாக வைத்திருந்தார். யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்புவதற்காகச் செய்ததாகவும் தெரியவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒரு அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ எண்களை நிரப்பிக்கொண்டிருந்தது போலத்தான் இருந்திருக்கும்.

பாடமாகப் படித்தவர்கள், முடிந்தால் நாவலை எடுத்துப் படியுங்கள். புதிதாக வருகிறவர்கள் நாவலில் தொடங்கி, பிறகு கட்டுரைக்கு வாருங்கள். மேக்கப் அறை ஆபீஸ் பாயின் பெயரை அசோகமித்திரன் எங்கும் சொல்லவில்லை என்பது அப்போது கண்ணில் படும்.